கீழ்வரிசைக் கிழங்குக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: ஐயா, நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். லயத்துக்குப் பின்னால் சரிவில் 20 பேர்ச் காணி இருக்கிறது. அதில் உருளைக்கிழங்கு போட்டு 42 நாள் ஆகிறது. கணவர் கொழும்பில் வேலை. நானும் மாமியாரும்தான் பார்க்கிறோம். 25ஆம் நாள் ஒரு தரம் மண் அணைத்தோம். மேற்கட்டுப் பசளை இன்னும் போடவில்லை. மேலே உள்ள வரிசைகள் பரவாயில்லை, கொஞ்சம் வெளிறின மாதிரி இருக்கிறது. கீழே மூன்று வரிசை மட்டும் வளராமல் மஞ்சளாக நிற்கிறது. பக்கத்துக் காணிக்காரர் யூரியா போடு, இரண்டே நாளில் பச்சை பிடிக்கும் என்கிறார். மருந்துக் கடையில் ஒரு மஞ்சள் தூளும் சின்னப் போத்தல் ஒன்றும் தந்து, இரண்டையும் கலந்து மூன்று நாளுக்கு ஒரு தரம் அடிக்கச் சொன்னார்கள். மாமியாரோ அடுப்புச் சாம்பல் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? நடுவில் நாலைந்து செடியில் இலை ஓரம் தேத்தண்ணி கொட்டினது போல் கறுத்திருக்கிறது, அது பனியாலா?

பதில்: தங்கச்சி, நீங்கள் யூரியாவில் தொடங்கி, கறுத்த இலையைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் திக்கென்றது அந்தக் கடைசி வரியில்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். மஞ்சள் ஒரு கிழமை பொறுக்கும். அந்தக் கறுப்பு பொறுக்காது.

இது ஐப்பசி. பின்னேரம் மழை, இரவெல்லாம் மூட்டம், காலை எட்டு மணி வரை இலையில் ஈரம். இந்தக் குளிரும் ஈரமும் சேர்ந்தால் உருளைக்கிழங்குக்கு வருகிற நோய் பின்கருகல். கடையில் சிங்களத்தில் 'அங்கமாரய' என்றால் உடனே விளங்கிக்கொள்வார்கள். உறைபனியால் கருகுவது தை, மாசியில், வானம் தெளிந்த இரவுக்கு மறுநாள். அப்போது பள்ளத்தில் இருக்கிற செடிகளின் நுனி எல்லாம் ஒரே காலையில் வெந்தது போல் ஆகிவிடும். நடுவில் நாலைந்து செடியில் மட்டும், அதுவும் ஐப்பசியில் வந்தால் அது பனி இல்லை.

நாளைக் காலை மலைக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் அந்தச் செடிகளிடம் போங்கள். கறுத்த இலையைப் பிடித்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவில், கறுப்பைச் சுற்றி, சீனி தூவினது போல் மெல்லிய வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் அது கருகல்தான். வெயில் ஏறினால் அந்த வெள்ளை காய்ந்து மறைந்துவிடும். பின்னேரம் வேலை முடிந்து வந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாமல் போவது இதனால்தான். சந்தேகமாக இருந்தால் இரண்டு இலையைப் பறித்து, நனைத்த கடதாசியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, இரவு வீட்டுக்குள் வையுங்கள். நோயாக இருந்தால் விடியும்போது வெள்ளை பூத்திருக்கும்.

கறுப்புக்குப் பதிலாக, வயதான அடி இலைகளில் வட்டத்துக்குள் வட்டமாக, வெட்டின மரத்தின் வளையம் போலக் காய்ந்த பழுப்புப் புள்ளி இருந்தால் அது முன்கருகல். அது மெதுவாகப் போகிற நோய், பசியாய் இருக்கிற செடியில் கூடுதலாக வரும். அதற்கு இவ்வளவு அவசரம் வேண்டாம்.

இலையின் அடியைப் பார்ப்பது நம் மலைநாட்டுக்குப் புதிதில்லை. நம்முடைய பாட்டன் பூட்டன் இங்கே வந்தது கோப்பிக்காக. 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாகத் தொடங்கிய துருநோய், இருபது வருஷத்துக்குள் அந்தப் பயிரையே இந்த மலையிலிருந்து துடைத்துவிட்டது. தேயிலை மலையெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். உங்கள் காணியில் நிற்கிற கருகலும் சின்ன ஆள் இல்லை. 1845இல் அயர்லாந்தில் கிழங்கை அழுகவைத்துப் பஞ்சம் கொண்டுவந்தது இதே நோய்தான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மூட்டமும் மழையும் விடாமல் இருந்தால், நாலைந்து செடியில் இருப்பது பத்து நாளில் காணி முழுக்கப் போய்விடும் என்பதை நான் பல தரம் பார்த்திருக்கிறேன்.

சரி, வெள்ளை இருந்தால் என்ன செய்வது? அந்த நாலைந்து செடியின் நோய் பிடித்த இலைகளை, தண்டு கறுத்திருந்தால் தண்டோடு, ஒரு உரப் பையைச் செடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே வெட்டிப் போடுங்கள். வரிசைக்குள் உதறிக்கொண்டு நடக்க வேண்டாம். காணிக்கு வெளியே ஆழமாகப் புதையுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். இதை இலை காய்ந்த பிறகு செய்வது நல்லது. ஈரத்தோடு வரிசைக்குள் புகுந்தால் உங்கள் பாவாடையும் கையுமே நோயை அடுத்த வரிசைக்குக் கொண்டுபோகும்.

மருந்து விஷயம். கடைக்காரர் தந்த மஞ்சள் தூள் அநேகமாக மான்கோசெப்பாக இருக்கும், லேபலில் செயற்படு பொருள் என்ற இடத்தில் பாருங்கள். அது இலையின் மேல் படிந்து, விழுகிற நோய் வித்தை முளைக்கவிடாமல் தடுக்கிற மருந்து. ஏற்கெனவே உள்ளே போன நோயை அது குணமாக்காது. அதனால் கறுத்த செடிக்கு அடிப்பதைவிட, இன்னும் பச்சையாக இருக்கிற செடிகளுக்கு, இலையின் அடியும் நனைகிற மாதிரி அடிப்பதில்தான் பலன். ஏற்கெனவே நோய் பிடித்துவிட்டதால், இலைக்குள் ஊறுகிற மெட்டலக்சில் கலந்த மருந்து ஒரு தரம் தேவைப்படலாம். ஆனால் அதையே திரும்பத் திரும்ப அடித்தால் நோய் அதற்குப் பழகிவிடும். இரண்டு பெயரில் இரண்டு பொட்டலம் வாங்கி, உள்ளே ஒரே மருந்து என்று பிறகு தெரிந்து ஏமாந்தவர்களும் உண்டு. பெரிய எழுத்தில் இருக்கிற வியாபாரப் பெயரை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தை வாசியுங்கள்.

சின்னப் போத்தல் பூச்சி மருந்தாக இருக்கும். உங்கள் கடிதத்தில் பூச்சி என்று ஒரு சொல்லும் இல்லை. பிறகு எதற்கு அது? இலையில் வெள்ளைக் கோடு கோடாக ஓடுகிற சுரங்கப் பூச்சி நம் பக்கத்துக் கிழங்கில் உண்டு. கண்டபடி பூச்சி மருந்து அடித்தால் அதைத் தின்று அடக்கி வைத்திருக்கிற சின்னக் குளவிகள்தான் முதலில் சாகும். இல்லாத பூச்சியை விலை கொடுத்து வரவழைக்க வேண்டாம். போத்தலைத் திறக்காமல் வைத்து, கடையில் திரும்ப எடுப்பார்களா என்று கேளுங்கள்.

மூன்று நாளுக்கு ஒரு தரம் என்ற கணக்கையும் விடுங்கள். எத்தனை நாள் இடைவெளி, கிழங்கு தோண்டுவதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பது லேபலில் இருக்கிறது. உங்களுக்குக் கையில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான். காலையில் இலை ஈரம் காய்ந்த பிறகு, ஒன்பது மணிவாக்கில் அடித்தால் பின்னேர மழைக்குள் மருந்து இலையில் காய்ந்துவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, வாயையும் மூக்கையும் மூட ஒரு துணி. அப்புறம் ஒன்று, அடித்த டாங்கியைப் பீலியில் கொண்டுபோய்க் கழுவாதீர்கள். அதே பீலியில்தான் லயத்துப் பிள்ளைகள் காலையில் வாய் கொப்பளிக்கிறார்கள். கழுவின தண்ணீரையும் காணிக்குள்ளேயே ஊற்றிவிடுங்கள்.

இனி மஞ்சளுக்கு வருவோம்.

நான் விவசாயப் போதனாசிரியராக வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், வெலிமடைப் பக்கம் ஒரு பெரியவரின் கிழங்குக் காணிக்குப் போனேன். போனேன் என்பதைவிட, பாதையில் நின்றே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மழை, சேறு, புதுச் சப்பாத்து. கீழ்ப்பக்கம் மஞ்சளாகத் தெரிந்தது. யூரியா போடுங்கள் ஐயா என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கீழே இறங்கி, மண் கிளறுகிற முள்ளைக் குத்தி ஒரு செடியைக் கிளப்பிக்கொண்டு மேலே வந்து, வேரை என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். சாக்கடை வாடை. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று நூல் மாதிரி வந்தது. "இதுக்கு எந்த வாயால யூரியா திங்கச் சொல்றீங்க தம்பி?" என்று கேட்டார். படித்த நாலு வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

உங்கள் காணியிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். மேலே பரவாயில்லை, கீழே மூன்று வரிசை மட்டும் மஞ்சள், சரிவு, ஐப்பசி மழை. மேலிருந்து வருகிற தண்ணீர் கீழே வடியாமல் நிற்கிறது, வேருக்கு மூச்சு இல்லை. ஆனால் நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். என்னை மாதிரிப் பாதையில் நின்று பார்க்காதீர்கள், முள்ளை எடுங்கள்.

கீழ்வரிசையில் ஒரு செடியைக் கிளப்பி வேரைப் பாருங்கள், முகருங்கள். அந்தக் குழியை ஒரு முழ ஆழம் தோண்டி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அடியில் தண்ணீர் ஊறி நின்றால் வேறு சாட்சி வேண்டாம். வேர் நல்லாக இருந்து தண்ணீரும் ஊறவில்லை என்றால், இன்னும் இரண்டைப் பாருங்கள். வேரில் குண்டூசித் தலை அளவில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ உருண்டை மணிகள் ஒட்டியிருந்தால் அது வட்டப்புழு. நுவரெலியாப் பக்கத்து மண்ணில் அது இருக்கிறது, வந்தால் பல வருஷம் போகாது. இன்னொன்று, செடி பச்சையாக இருக்கும்போதே பகலில் ஒரு கிளை மட்டும் தொங்கினால், தண்டை அடியில் வெட்டிக் கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் முனை மட்டும் தொடுகிற மாதிரிப் பிடியுங்கள். பால் நூல் போல வெள்ளையாக ஏதாவது இறங்கினால் அது பற்றீரியா வாடல். இந்த இரண்டில் எது என்றாலும் செடியை வேரோடும் மண்ணோடும் பத்திரிகைக் கடதாசியில் சுற்றிக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். சிங்களம் பேச யாராவது பிள்ளையைக் கூட்டிப்போனால் வேலை சுலபம். போக முடியாவிட்டால் 1920க்கு எடுத்துக் கேட்கலாம், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் அது.

தண்ணீர்தான் காரணம் என்றால் மருந்து மண்வெட்டிதான். தோட்டத்தில் கான் வெட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதே வேலை. காணியின் மேல் ஓரத்தில் குறுக்காக ஒரு கான் போட்டு, மேலிருந்து வருகிற தண்ணீரைப் பக்கத்துக்குத் திருப்புங்கள். கீழ் மூன்று வரிசைக்கு இடையே இருக்கிற வாய்க்காலை ஒரு சாண் ஆழமாக்கி, மெல்லிய சரிவில் ஓரத்துக்கு வடியவிடுங்கள். மேலிருந்து கீழே நேராக வெட்ட வேண்டாம். ஒரே மழையில் மண்ணும் போட்ட பசளையும் ஓடைக்குப் போய்விடும். இந்த வேலைக்கு ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று இரண்டு நாள் வெட்டினால் 20 பேர்ச்சுக்குப் போதும்.

மேல் வரிசைகள் வெளிறியிருப்பது வேறு கதை. அது உண்மையிலேயே பசி. அடி இலை முழுசாக, ஒரே சீராக வெளிறினால் நைதரசன் போதாது. நரம்பு பச்சையாக நின்று நடுவில் மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியம் போதாது. புளிப்பேறின நம் மலை மண்ணில் அது சகஜம். அதற்கு அடுத்த போகத்துக்கு முன் மண்ணைப் பரிசோதித்து டொலமைட் போட வேண்டும், இப்போது யூரியா போட்டுப் பயனில்லை.

மேற்கட்டுப் பசளை நாலாவது கிழமையில் போட்டிருக்க வேண்டியது. நீங்கள் இரண்டு கிழமை பிந்திவிட்டீர்கள். அதற்காக இரண்டு மடங்கு போட்டு ஈடுகட்ட நினைக்காதீர்கள். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து அல்லாடின பிறகு, யூரியா கையில் கிடைத்தாலே கொட்டிவிடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் வந்துவிட்டது. கிழங்கு இப்போது மண்ணுக்குள் காய் பிடிக்கிற நேரம். இந்த நேரத்தில் யூரியா கூடினால் செடி இலையை வளர்த்துக்கொண்டே போகும், கிழங்கு சிறுக்கும். இலை அடர்ந்தால் உள்ளே ஈரம் காயாது, கருகலுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. பக்கத்துக் காணிக்காரர் சொன்ன இரண்டு நாளில் இல்லாவிட்டாலும் சீக்கிரம் பச்சை பிடிக்கத்தான் செய்யும். ஆனால் சந்தையில் யாரும் இலையை நிறுத்து வாங்குவதில்லை.

அதனால் சிபாரிசு செய்த அளவையே ஒரே தரம், யூரியாவோடு எம்.ஓ.பி. என்கிற பொட்டாசியப் பசளையும் சேர்த்துப் போடுங்கள். சிபாரிசு ஏக்கர் கணக்கில் இருக்கும். ஒரு ஏக்கர் 160 பேர்ச், உங்களுடையது 20, எட்டில் ஒரு பங்கு. அதிலும் கீழ் மூன்று வரிசைக்கு இப்போது போட வேண்டாம். கான் வெட்டி, தண்ணீர் வடிந்து, நுனியில் புது இலை பச்சையாக வந்த பிறகு அரைவாசி போடுங்கள். யூரியாவைச் செடியின் தண்டில் படாமல் நாலு விரல் தள்ளிக் கோடாகப் போட்டு, உடனே மண்ணால் மூட வேண்டும். மேலே கிடந்தால் சத்து காற்றோடு போய்விடும்.

அந்த மூடுகிற வேலைதான் உங்கள் இரண்டாவது மண் அணைப்பு. 25ஆம் நாள் ஒரு தரம் அணைத்தது சரி. இரண்டாவதை இந்தக் கிழமைக்குள் முடித்துவிடுங்கள். இன்னும் பத்து நாள் போனால் வரிசைகள் ஒன்றோடொன்று மூடிக்கொள்ளும், அப்போது மண்வெட்டி போட்டால் வேரும் கிழங்கு பிடிக்கிற கொடியும் அறுபடும். மண் கையில் பிடித்தால் உருண்டு, விரலால் தட்டினால் உதிர்கிற பதத்தில் இருக்க வேண்டும். சேறாக ஒட்டுகிற நாளில் அணைத்தால் காய்ந்து கல்லாகிவிடும். வரம்பு கூராக இருக்கக் கூடாது, தலை அகன்று, தண்டைச் சுற்றிக் குழி இல்லாமல் நிறைந்திருக்கட்டும். குழி இருந்தால் மழைத் தண்ணீர் தண்டு வழியாக உள்ளே இறங்கும், இலையில் இருக்கிற கருகல் அந்தத் தண்ணீரோடு கிழங்குக்குப் போகும். மண் போதாமல் வெயில் பட்ட கிழங்கு பச்சையாகிவிடும், அதைத் தின்னவும் கூடாது விற்கவும் முடியாது. அந்துப்பூச்சி முட்டை வைப்பதும் வெளியே தெரிகிற கிழங்கில்தான். நான் பார்த்த வரையில், சின்னக் காணிகளில் யூரியா குறைந்து நட்டப்பட்டவர்களைவிட இரண்டாவது அணைப்பைத் தவறவிட்டு நட்டப்பட்டவர்கள்தான் அதிகம். களை இந்த அணைப்போடு போய்விடும், தனியாகக் களைமருந்து வேண்டாம்.

ஆக உங்கள் வேலை வரிசை இப்படி வரும்: நாளைக் காலை இலையின் அடி. நாளையும் மறுநாளும் பின்னேரம் கான். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மருந்து, அது காய்ந்ததும் மேல் வரிசைகளுக்குப் பசளையும் அணைப்பும் என்றால் வேலை பெரிது. அதோடு மருந்து அடித்த அன்றே வரிசைக்குள் குனிந்து வேலை செய்வது நல்லதில்லை. முடிந்தால் அணைப்பைச் சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், அன்று அரைப் பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, வந்தாலும் நட்டமில்லை. கைக்கு ஆள் தேவைப்பட்டால் லயத்தில் யாருடனாவது கைமாற்றாக வேலை பேசுங்கள். கூலிக்கு ஆள் விட்டால் 20 பேர்ச்சில் கட்டாது.

இத்தனைக்கும் பிறகு கருகல் காணியை மூடிவிட்டது என்றால் மனம் உடைய வேண்டாம். 70 நாள் தாண்டியிருந்தால் செடியை மண் மட்டத்தில் வெட்டி அகற்றிவிட்டு, கிழங்கை இரண்டு கிழமை மண்ணுக்குள்ளேயே விடுங்கள். தோல் முற்றும், இலையிலிருந்து நோய் இறங்குவதும் நிற்கும். கொஞ்சம் சிறிதாக இருந்தாலும் அழுகாத கிழங்கு கையில் வரும். அடுத்த தரம் அந்த இடத்தில் கிழங்கோ தக்காளியோ கறிமிளகாயோ போடாமல், போஞ்சி, லீக்ஸ், கரட் என்று மாற்றுங்கள். இந்தக் காணியில் எடுத்த கிழங்கை விதைக்கு வைக்காதீர்கள்.

மாமியாரின் சாம்பலை மறக்கவில்லை. அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கவ்வாத்து விறகு எரித்த சாம்பலில் பொட்டாசியம் உண்டு, கிழங்கு பருக்க வேண்டியது அதுதான். மண்ணின் புளிப்பையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் நைதரசன் அதில் இல்லை, அதனால் சாம்பல் மட்டும் போதாது. யூரியாவோடு ஒரே நாளில், ஒரே இடத்தில் போட்டால் யூரியாவின் சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டு கிழமை இடைவெளி விட்டு, ஒரு செடிக்கு ஒரு சிறங்கைக்கு மேல் போகாமல் வரிசை ஓரத்தில் தூவச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் எரித்த நாள் சாம்பலை மட்டும் தனியாக ஒதுக்கிவிடட்டும்.